மயில் கோழியான ஜாடி

ஃபோன் இரண்டு தரம் அடித்து நின்றால் போதும், மனதுக்குள் மரண அறிவித்தல் வரை எழுதி முடித்துவிடுகிற ஆள் நான். இந்தத் திறமை ஒன்பது வயதிலேயே முழுதாக வந்திருந்தது. சாட்சி, என் வீட்டு ஃப்ரிஜ்ஜின் மேல் இருக்கும் ஜாடி.

என் அத்தை, அப்பாவின் தங்கை, நாவுல ரோட்டில் ஒரு மட்பாண்டப் பட்டறையில் வேலை செய்தார். சக்கரத்தில் செய்து ஒரு தடவை சுட்ட ஜாடிகளை, வெள்ளைக் கூழ் போன்ற கிளேஸ் வாளியில் முக்கி எடுத்து, ஈரப் பஞ்சால் அடிப்பாகத்தைத் துடைக்க வேண்டும். துடைக்காவிட்டால் போறணை என்கிற சூளையின் சூட்டில் கிளேஸ் உருகி, ஜாடி தட்டோடு ஒட்டிக்கொள்ளும், உடைத்துத்தான் எடுக்கலாம். அத்தைக்கோ படம் வரைகிற மேசையின் மேல் கண். "ஒண்ணு வரைஞ்சு காட்டும்மா, சுட்டு வரட்டும், பாப்போம்" என்றிருந்தார் முதலாளி.

சுட்டால் நீலமாகும் கறுப்புச் சாயத்தால் அத்தை இரண்டு நாள் உட்கார்ந்து மயில் வரைந்தார். பள்ளி விடுமுறை, நானும் பக்கத்தில். மூன்றாம் நாள் ஜாடியை முக்கி, அடியைத் துடைத்து, பலகையில் வைத்துவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் பார்த்தபோது மயிலைக் காணோம். முழு வெள்ளை.

கிளேஸ் சுட்டபின் கண்ணாடியாகிவிடும், மயில் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் வாளியைக் கலக்கச் சொன்னபோது கை வலித்ததால் களவாக ஊற்றிய ஒரு கோப்பைத் தண்ணீர்தான். ஆகவே மயிலைக் கொன்றது நான்.

காப்பாற்றுவதற்காகப் பஞ்சை எடுத்துத் தேய்த்தேன். வெள்ளை போனது. கூடவே மயிலும் போனது.

அதோடு அழுதிருந்தால் நல்ல பிள்ளை. எனக்கு யோசனை வந்துவிட்டது. ஜாடியை வெயிலில் காயவைத்து, அத்தையின் தூரிகையால் நானே ஒரு மயில் போட்டேன். கழுத்து குட்டையாகிவிட்டது, தோகைக்கு இடம் போதவில்லை. வாளியில் முக்கிப் பலகையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடினேன்.

போறணையில் எல்லாவற்றையும் தன் கையாலேயே அடுக்கி முடித்துவிட்டு வந்த அத்தை என் விரல்களைப் பார்த்தார்.

"என்னடா கறுப்பு?"

"பேனா மை, அத்தை."

"லீவுலயும் எழுதுறியா? தங்கமான புள்ள. நல்லா தேய்ச்சுக் கழுவு."

சுட்டு ஆற இரண்டு நாளாகும். மாரியம்மனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். போறணை ஆறுவதற்குள் அது ஐந்தானது.

திறந்த அன்று தண்ணீர்ப் பீப்பாய்க்குப் பின்னால் இருந்தேன். முதலாளி ஜாடியைத் தூக்கிப் பிடித்தார். "என்னம்மா இது, கோழியா?"

அத்தை அதை வாங்கி மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "மயிலுங்க, மொதலாளி. கை கொஞ்சம் நடுங்கிருச்சி."

"கொஞ்சமா? மலேரியாக் காய்ச்சல்ல வரைஞ்ச மாதிரில்ல இருக்கு! சரி, வேற ஒண்ணு போட்டுக் காட்டு."

அந்த மேசை அத்தைக்குக் கிடைக்க இன்னும் இரண்டு மாதம் ஆனது. நானோ அன்றே தேங்காயை ஐந்திலிருந்து ஒன்றாகக் குறைத்துவிட்டேன். தன் கையெழுத்தே தனக்குத் தெரியாத அத்தை, பாவம், எவ்வளவு ஏமாளி என்று பல வருஷம் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன்.

போன வாரம் தூசு துடைக்க அந்த ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். அடிப்பாகம் சுத்தமான சிவப்பு மண். ஒரு பொட்டுக் கிளேஸ் இல்லை.

நான் முக்கியெடுத்த கையோடு ஓடியவன். அடியைத் துடைக்கவே இல்லை.