கோபுரத்துக் குடித்தனக்காரர்கள்

செய்தி வந்தபோது ஆழ்வார்பேட்டையில் பால்காரன் வாசலில் மாட்டைக் கட்டிக் கறந்துகொண்டிருந்தான். ஜட்கா வண்டிக்கார இனாயத் இறங்காமலே சொன்னான். “அக்காம்மா பூட்டாங்க சாமி. ராத்திரி தூக்கத்துலயே.” ரகுபதி சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினான். வண்டி மயிலாப்பூரில் அவன் அக்கா ஜானகியின் வீட்டை நோக்கித் திரும்பியது.

ஜானகிக்குக் கண் மங்கல் என்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் வரை யாருக்கும் தெரியாது. அவளுக்கே தெரியாது. உலகமே அப்படிக் கரைந்துதான் இருக்கும் என்று நினைத்திருந்தாள். தம்பி ரகுபதி தங்க வந்திருந்த ஒரு நாள், கொடியில் காய்ந்த அவன் சட்டையைப் பார்த்து, “கேட்டா பதில் சொல்லேன்டா, வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று அதட்டினாள். பின்னால் நின்ற ரகுபதி அன்றே அவளைக் கச்சேரி ரோட்டுக் கண்ணாடிக் கடைக்கு இழுத்துப் போனான்.

“பொம்மனாட்டிக்கு எதுக்குடா கண்ணாடி? கோர்ட்டுக்கா போகப் போறா?” என்றார் அத்திம்பேர், ஜானகியின் கணவர்.

“கோவிலுக்குப் போறேன்” என்றாள் ஜானகி.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கபாலி கோவில் கிழக்குக் கோபுரத்தின் அடியில் நின்று, முதல் நிலையில் தொந்தியும் தொப்பையுமாகத் தெரியும் பிள்ளையாருக்குத் தலையில் குட்டிக்கொண்டுதான் அவள் உள்ளே போவது வழக்கம். அந்த வெள்ளிக்கிழமையும் கையைத் தூக்கினாள். கை அப்படியே நின்றது.

“ரகு! தும்பிக்கையையே காணோம்டா!”

அது பிள்ளையாரே இல்லை. கன்னத்தை உப்பிக்கொண்டு, மேல் நிலையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்த ஒரு குண்டு பூதகணம்.

“அப்போ இத்தனை வருஷம் குட்டிண்டதெல்லாம்?” என்றான் ரகுபதி.

“அவனுக்குத்தான் போயிருக்கும். வாங்கிக்கட்டும், பாவம். மாளிகையையே தூக்கிண்டு நிக்கறான்.” தெருவென்றும் பாராமல் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தாள். பிறகு பூதத்துக்கே அழுத்தமாக ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அதோடு ஆசை பிடித்துக்கொண்டது. பங்குனி உற்சவம் முடிந்ததும் கோபுரத்துக்குச் சாரம் கட்டி, ஓலை மூடி, வர்ணம் பூசப்போவதாக ஊரில் பேச்சு. மூடினால் திறக்க எத்தனை மாசமோ. அதற்குள் ஏழு நிலையையும் ஒரு பொம்மை விடாமல் பார்த்துவிட வேண்டும் என்றாள். வெள்ளிக்கிழமைதோறும் காலை வெயில் கோபுரத்தின் மேல் விழும் நேரத்தில் இனாயத்தின் வண்டி சந்நிதித் தெருவில் நிற்கும். உள்ளே திண்டில் சாய்ந்தபடி, தெற்கு முனையில் ஆரம்பித்து வடக்கு முனைவரை, வாரம் ஒரு நிலையாகப் பார்ப்பாள்.

“இன்னாம்மா, உனக்கு இல்ல, என் குதிரைக்குக் கழுத்து சுளுக்கிக்கினு கீது!” என்பான் இனாயத்.

“அதையும் மேல பாக்கச் சொல்லு. புண்ணியம்.”

ரகுபதி காலேஜில் சரித்திரம் படித்தவன். கோபுரத்தை ஒரே பொருளாகத்தான் அவன் பார்த்திருந்தான். அக்காவோடு நின்றபோதுதான், நிலைக்கு நிலை நடுவாசல் சிறுத்துக்கொண்டே போவதும், அந்த வாசல்களில் கிளிகள் புகுந்து புறப்படுவதும், ஒரு யாளியின் முதுகில் இன்னொரு யாளி ஏறியதுபோல் தூண்கள் எழும்புவதும் கண்ணில் பட்டன.

“நாங்க குடியிருக்கற ஸ்டோர் மாதிரிதான்டா இதுவும். அடுக்கடுக்கா குடித்தனம். என்னமோ சத்தம் கேட்டு எல்லாரும் வாசலுக்கு வந்து எட்டிப் பாக்கறா” என்றாள் ஜானகி.

“என்ன சத்தம்?”

“நான் சிரிச்சதுதான்.”

மாசி கடைசி வெள்ளியன்று ஏழாம் நிலைக்கு வந்தாள். கலசத்தை ஒட்டி நின்ற பெண் ஒருத்தியின் காலில் கொலுசு இருப்பதைக் கண்டு, “இவ்வளவு உசரத்துல யார் பாக்கப் போறான்னு நினைக்காம போட்டிருக்கானே மகராஜன்!” என்று கைதட்டினாள். நடுவாசலைத் தாண்டுவதற்குள் வெயில் கலசத்தில் பட்டுக் கண் கூசியது. “மிச்சம் அடுத்த வெள்ளி” என்று கண்ணாடியை மடித்தாள்.

இனாயத் செய்தி கொண்டுவந்தது அதற்கு அடுத்த புதன்கிழமை. ஏழாம் நிலையில் வடக்குப் பாதியை அவள் பார்க்கவில்லை.