நீலக் கோடு போட்ட மரங்கள்

அத்தான் போய்ச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய சட்டைகளையெல்லாம் அக்கா கொடுத்துவிட்டாள். அடி கறுத்த அலுமினியப் பானை ஒன்றைத் தூக்கிப்போட மட்டும் அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பானையைப் பற்றிச் சொன்னால் அத்தானைப் பற்றிச் சொன்ன மாதிரிதான்.

அத்தான் பூங்கா அலுவலகத்தில் மரங்களுக்கு மருந்து தெளிப்பவர். வீட்டில் ஒரே ஒரு பிஸ்கட் மிஞ்சினாலும் பிள்ளைகளுக்குச் சரிபாதியாக உடைப்பார். உதிர்ந்த தூளையும் பங்கு வைப்பார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய் இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

நகரம் முழுக்க மரங்களின் பட்டையில் புண் வந்து பிசின் வடிந்தது. மேலிடம் எல்லாவற்றையும் வெட்டச் சொன்னது. பூங்கா அலுவலக அதிகாரி அம்மாதான் மன்றாடி, கடைத்தெரு மரங்களில் காளான் சாறு தெளித்துப் பார்க்க ஒரு வருஷம் அவகாசம் வாங்கினார். வெள்ளைக் கோடு போட்ட மரத்துக்குச் சாறு, நீலக் கோடு போட்டதற்கு வெறும் தண்ணீர். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஊர் மரங்கள் பிழைக்கும். தெரியாவிட்டால் ரம்பம்தான்.

நீலக் கோட்டு மரம் ஒன்றின் நிழலில் செருப்புத் தைப்பவர் உட்கார்ந்திருப்பார்.

"ஏண்ணே, பக்கத்து மரத்துக்கு மருந்து, என் மரத்துக்குப் பச்சைத் தண்ணியா?"

"ஆராய்ச்சிப்பா. அப்படித்தான் செய்யணுமாம்."

"நல்ல ஆராய்ச்சி! ஒரே வரிசையில நிக்க வச்சுப் பந்தி வஞ்சனை!"

அந்த வார்த்தை அத்தானைக் குடைந்தது. மறுநாளே ஒரு பை காளானோடு வந்து அடுப்படியில் நின்றார்.

"கட்டிக்கிட்ட நாள்லேருந்து எனக்கு ஒரு காபி போட்டுக் குடுத்ததில்ல. மரத்துக்குக் கஷாயம் வைக்கிறாரு, பாருடா உங்க அத்தானை!" என்றாள் அக்கா என்னிடம்.

"மெதுவாப் பேசு. வேலை போயிடும்."

"போகட்டும். வீடெல்லாம் ஈரச் சாக்கு நாத்தம்!"

விடியற்காலையில் சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போய் நீலக் கோட்டு மரங்களுக்குத் தெளித்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி அலுவலகம் போவார்.

வருஷக் கடைசியில் அதிகாரி அம்மா மரம் மரமாகத் தடவிப் பார்த்தார். எல்லாமே ஆறியிருந்தன. அத்தானுக்குப் பெருமை தாங்கவில்லை. அதிகாரி அம்மாவுக்கோ முகம் தொங்கிவிட்டது.

"தண்ணிக்கும் ஆறியிருக்கே! அப்போ சாறுக்கு என்ன மதிப்பு? மத்தத் தெரு மரமெல்லாம் போச்சு."

அத்தான் மெல்ல முன்னால் வந்தார்.

"அம்மா... அது தண்ணி இல்லீங்க."

அதிகாரி அம்மா நம்பவில்லை. அக்காவே பானையைத் தூக்கிக்கொண்டு போனாள். "மோந்து பாருங்கம்மா. எத்தனை தேய்ச்சும் போகல."

முகர்ந்ததும் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "பச்சைத் தண்ணி மட்டும் குடிச்ச மரம் ஒண்ணுகூடவா இல்ல?"

ஒன்று இருந்தது. கடைத்தெருக் கோடியில், அலுவலக வாசலில் அதிகாரி அம்மாவின் கார் நிற்கும் நீலக் கோட்டு மரம். வாட்ச்மேனுக்குப் பயந்து அத்தான் கேனோடு அதன் பக்கமே போகவில்லை. அது புரையோடி மொட்டையாக நின்றது. தன் கார்ப் புகைதான் காரணமென்று அதிகாரி அம்மா அதைக் கணக்கில் சேர்க்காமல் மறைத்திருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த ஒரு மரத்தைக் காட்டி அதிகாரி அம்மா இன்னொரு வருஷம் வாங்கினார். அந்தத் தடவை வேறு தெரு மரங்கள், தெளித்தவரும் வேறொருவர். வித்தியாசம் தெரிந்தது, ஊர் மரங்கள் தப்பின. அத்தானைப் புல்தரைக்கு நீர் பாய்ச்ச மாற்றினார். எல்லாப் புல்லுக்கும் ஒரே குழாய்.

வாசல் மரத்தை வெட்டிய அன்று அத்தான் சாப்பிடவில்லை.

நேற்று அக்கா அந்தப் பானையில் தண்ணீர் பிடித்து எங்கள் செடிகளுக்கு ஊற்றினாள். பிறகு பக்கத்து வீட்டுச் செடிக்கும் எட்டி ஊற்றினாள்.

"இல்லேன்னா அந்த மனுஷன் கனவுல வந்து சண்டை போடுவாரு."