ஞாயிற்றுக்கிழமை உப்பு

பாலாவிப் பக்கத்து உப்பளங்களில் வின்சன்ட்டைத் தெரியாதவர் கிடையாது. பெரிய மனிதன் என்பதால் அல்ல; வாயைத் திறந்தால் மூடமாட்டான் என்பதால். கணுக்கால் அளவு உப்புத் தண்ணீரில் நின்றபடி, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்து தேசத்தில் ராஜாவோடு முரண்டு பிடித்த போதகர்களைப் பற்றி, நேற்று முந்தல் சந்தையில் நடந்த அடிபிடி போலச் சொல்லுவான். கேட்கிறவனுக்கு வேலை கெடும். ஆனாலும் கேட்பான்.

"அவங்கட கோயில்ல சுரூபம் இல்ல, மெழுகுதிரி இல்ல, திருநாள் இல்ல. கடவுள், வேதப்புத்தகம், மனுசன்ட மனசு, அவ்வளவுதான்! ராஜா மறிச்சான். விட்டாங்களா? கப்பலேறி முழுக்கடலையும் தாண்டிப் போயிட்டாங்க!" என்று சொல்லும்போது அவனுடைய கை பக்கத்துக் கடல்நீர்க் களப்பைத் தாண்டிப் போகும். பக்கத்துப் பாத்திக்காரன் தாஹிர் விழுந்து விழுந்து சிரிப்பான்.

"நீ கல்பிட்டி வள்ளத்துல ஏறினாலே வாந்தி எடுக்கிறவன். ஒனக்கெதுக்கு மச்சான் கப்பல் கத?"

அது உண்மைதான். வின்சன்ட் கல்பிட்டிக் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, கடல் ஒத்துக்கொள்ளாமல் கரைக்கு ஓடிவந்தவன். உப்பு அவனை ஏற்றுக்கொண்டது. பிறகு ஒருநாள் மதுரங்குளிச் சந்தியில் மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்த சாள்ஸ் உபதேசியாரின் பேச்சு அவனைப் பிடித்துக்கொண்டது. உபதேசியார் யாழ்ப்பாணத்தவர். அமெரிக்க மிஷனரிமாரின் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கடல் தாண்டிப் போன அந்தப் பியூரிட்டன்களின் வழியில் வந்தவர்கள்தான் அந்த மிஷனரிமார் என்று அவர் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது கடவுளின் அழைப்பைப் பற்றி. சாமியாருக்கு மட்டுமல்ல, செருப்புத் தைக்கிறவனுக்கும் மாடு மேய்க்கிறவனுக்கும் அழைப்பு உண்டு, நேர்மையாகச் செய்கிற எந்த வேலையும் தேவாராதனைதான் என்றார்.

"உப்பு வாருறதுமா ஐயா?" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து கத்தினான் வின்சன்ட்.

"உப்பு வாருறதும்தான்!"

அவ்வளவுதான், ஆள் அவுட். வீட்டுக்கு வந்தவன் கால் தரையில் பாவவில்லை. "யூஜி, நான் இவ்வளவு நாளும் ஆராதனை செய்துகொண்டு நிண்டிருக்கிறன், எனக்கே தெரியாது!" என்று பெண்சாதி யூஜீனியாவைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவள் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். "ஆராதனை செய்த கைய நல்லாக் கழுவிப்போட்டுச் சாப்பிட வாங்க," என்றாள். அவள் கடைசிவரை கத்தோலிக்க மனுஷிதான். அவன் ஜெபவீட்டுக்குப் போனான், அவள் பூசைக்குப் போனாள். சண்டை வந்தது என்று யாரும் சொல்லமுடியாது.

ஆனால் அந்தப் போதகர்களின் போதனையில் இன்னொரு பாதியும் இருந்தது. அது வின்சன்ட்டைப் பாடாய்ப் படுத்தியது. இரட்சிக்கப்படப் போகிறவர்களை உலகம் உண்டாவதற்கு முன்பே கடவுள் தெரிந்தெடுத்துவிட்டார். புண்ணியம் செய்து அதைச் சம்பாதிக்க முடியாது. தெரிந்தெடுக்கப்பட்டவனா இல்லையா என்பதற்குத் தன் உள்ளத்தைத் தோண்டித் தோண்டி அடையாளம் தேடலாம், அவ்வளவுதான். வின்சன்ட் தோண்டினான். பசித்தவனுக்குச் சோறு போட்டால், இது அன்பா, ஊர் மெச்ச வேண்டும் என்ற ஆசையா என்று பார்த்தான். ஜெபத்தில் அழுதால், இது பாவத்துக்காகப் படும் மனஸ்தாபமா, உப்புக் காற்றா என்று பார்த்தான். பாதி ராத்திரியில் யூஜீனியாவைத் தட்டி எழுப்பி, "என்னைப் பாத்தா தெரிஞ்செடுத்த ஆள் மாதிரித் தெரியுதா?" என்று கேட்பான்.

"எங்கட சாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனா அஞ்சு நிமிசத்தில முடியிற பாவத்த நீங்க அஞ்சு கிழமை வச்சுப் பிசையிறீங்க," என்று அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவனுக்கு அது சிரிப்பில்லை. அந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைக்கக் கையிலிருக்கிற எதையும் கொடுத்திருப்பான். அவன் நம்பிப் பிடித்திருந்த ஒரே அடையாளம் ஞாயிற்றுக்கிழமைதான். அந்த நாளில் அவன் ஒரு கல் உப்பைக்கூடத் தொட்டதில்லை. தவிர்க்க முடியாத அவசியம், பிறர்மேல் இரக்கம், இந்த இரண்டுக்கும் மட்டும் ஞாயிறு வேலைக்கு அனுமதி உண்டு என்று உபதேசியார் சொல்லியிருந்தார். வின்சன்ட் அந்த இரண்டையும்கூடச் சந்தேகத்தோடுதான் பார்த்தான்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குச் சில வருஷம் முந்திய ஒரு புரட்டாதி மாதம். வெயில் கொளுத்தி, உப்பு அப்படி விளைந்திருந்தது. பாத்திகளெல்லாம் வெள்ளை. அரசாங்கத்துக்கு நிறுத்துக் கொடுக்கும்வரை குவியல் அவனவன் பொறுப்பு. சனிக்கிழமை பின்னேரம் வின்சன்ட் தன் குவியலுக்குப் புதுத் தென்னோலைக் கிடுகு அடுக்கினான். பாதி மூடியிருப்பான், சூரியன் களப்பில் விழுந்துவிட்டது. கப்பலேறிப் போன அந்த மனிதர்களின் வழக்கப்படி புனித நாள் சனி மாலையிலேயே தொடங்கிவிடும். கையிலிருந்த கிடுகையும் மிச்சத்தையும் வரம்பில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தான். புனித நாளில் உலகக் காரியம் பேசுவதும் கூடாது என்பதால், குவியல் பாதி திறந்து கிடக்கிறது என்று யூஜீனியாவிடம் மூச்சுக்கூட விடவில்லை. இப்படியும் ஒரு மனுஷன்.

மறுநாள் காலை உபதேசியாரின் பிரசங்கம் நீண்டுகொண்டு போனது. விஷயம், தெரிந்தெடுக்கப்பட்டவர்களின் அடையாளங்கள். வின்சன்ட் முன்வரிசையில் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு அடையாளம் சொல்லி முடிந்தது. உபதேசியார் மூன்றாவதற்கு மூச்சு எடுத்தபோது வானம் இடித்தது.

ஜன்னல் வழியே பார்த்தான். தெற்கே கருமேகம் திரண்டு வந்துகொண்டிருந்தது. உப்பள வரம்பில் ஒரு பெண் தனியாகத் தலையில் கிடுகோடு விழுந்தெழுந்து ஓடினாள். தாஹிரின் பெண்சாதி ஹாஜரா. தாஹிர் மலேரியாக் காய்ச்சலில் கிடக்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வின்சன்ட் எழுந்து நின்றான். பிரசங்கத்தின் நடுவில் எவனும் எழுந்ததில்லை.

"ஐயா! தாஹிர்ட உப்ப மூடுறது இரக்கத்தில சேருமா, சேராதா?"

உபதேசியார் ஜன்னலைப் பார்த்தார். "சேரும். சந்தேகமே இல்லை. ஓடும்!"

"என்ட உப்பு?"

உபதேசியார் வேதப்புத்தகத்தை மூடினார். "அது அவசியமோ ஆசையோ, உம்மட மனசைத்தான் நீர் கேக்கவேணும், வின்சன்ட்."

மனசைக் கேட்பதாம்! வருஷக்கணக்காகக் கேட்டும் ஒரு வார்த்தை பதில் சொல்லாத மனசு அது. வின்சன்ட் வாசலைத் தாண்டி ஓடினான். வெள்ளை வேட்டி சேற்றில் தோய்ந்தது. காற்று முகத்தில் அறைந்தது. அவனுக்குள் பயமும் இருந்தது, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷமும் இருந்தது.

"வின்சன்ட் அண்ணே!" ஹாஜரா அலறினாள். "பழைய கெடுகெல்லாம் இத்துப் போச்சு! தொட்டாலே ஒதிருது! யா அல்லாஹ், அவரு காச்சலோட எழும்பி வரப் பாக்குறாரு!"

தாஹிரின் குவியல் முழுவதும் திறந்து கிடந்தது. அடுத்த வரம்பில் வின்சன்ட்டின் குவியல், பாதி புதுக் கிடுகோடு. முதல் துளி அவன் நெற்றியில் விழுந்தது.

வின்சன்ட் தன் குவியலுக்குத் தாவினான். வரம்பில் கிடந்த மிச்சக் கிடுகை அள்ளினான், குவியலில் அடுக்கியிருந்ததையும் இரண்டு கையாலும் பிடுங்கினான். வரம்பைத் தாண்டித் தாஹிரின் குவியலில் கொண்டுபோய்ப் போட்டான். திரும்ப ஓடினான், பிடுங்கினான், போட்டான். அதற்குள் உபதேசியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். "அந்த மூலை, அந்த மூலை!" என்று பிரசங்கம் செய்த அதே குரலில் கத்தினார்.

பூசையிலிருந்து நேரே ஓடிவந்த யூஜீனியா, தலையில் முக்காட்டோடு வரம்பில் நின்றாள். தங்கள் உப்பு வெட்டவெளியில் கிடப்பதைக் கண்டாள்.

"ஐயோ, விசரா உங்களுக்கு? அது எங்கட உப்பு!"

"பிடி அந்தத் தலைப்ப! காத்துத் தூக்குது!"

யூஜீனியா புருஷனைப் பார்த்தாள், ஹாஜராவைப் பார்த்தாள். பிறகு திட்டிக்கொண்டே போய்க் கிடுகின் மறுதலைப்பைப் பிடித்தாள்.

மழை கொட்டியது. கொட்டியது என்றால், அப்படி. காவல் கொட்டிலில் நால்வரும் ஒடுங்கி நின்றார்கள். தாஹிரின் குவியல் கிடுகுக்குள் பத்திரமாக இருந்தது. வின்சன்ட்டின் குவியல் கண்முன்னால் சரிந்து, பால்போல ஓடிக் களப்பில் கலந்தது.

"இந்த வருசச் சோறு போகுது, பாருங்க," என்று யூஜீனியா அழுதாள்.

"ஓம். போகுது," என்றான் வின்சன்ட். அவன் நனைந்து நடுங்கிக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சிரிப்பு அவளுக்குப் பொறுக்கவில்லை. "வருசக்கணக்கா என்ட நித்திரையக் கெடுத்தீங்களே, தெரிஞ்செடுத்த ஆளா, தள்ளின ஆளா எண்டு. கிடுகப் பிடுங்கேக்க மனசைக் கேட்டீங்களா? அது என்ன சொல்லிச்சு?"

 வின்சன்ட் ஜெபவீட்டு வாசலிலிருந்து இந்தக் கொட்டில்வரை நடந்ததையெல்லாம் நினைத்துப் பார்த்தான். ஓடியது நினைவிருந்தது. கிடுகு கையைக் கீறியது நினைவிருந்தது.

"கேக்க மறந்துபோனன், யூஜி," என்றான்.

சொன்னபிறகுதான் தான் சொன்னது அவனுக்கே கேட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. அது மனஸ்தாபமா, உப்புக் காற்றா என்று அவன் பார்க்கவில்லை. மூன்றாவது அடையாளத்தைச் சொல்லவேண்டிய உபதேசியார் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டு நின்றார்.

அன்று இரவு வின்சன்ட் யாரையும் தட்டி எழுப்பவில்லை. அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான். யூஜீனியாதான் அரிசிக்கு வழி தேடி விடியவிடிய விழித்துக் கிடந்தாள். விடிந்தபோது வானம் வெளுத்து வெயில் ஏறியது. மாரிக்கு முன்னால் இன்னும் கொஞ்ச நாள் கிடைக்கும். அவள் வீட்டுக் கோடிப்புறத்தில் சாத்தியிருந்த உப்பு வாரும் பலகையை எடுத்துவந்து அவன் தலைமாட்டில் வைத்தாள். முதல் முறையாக அவளே அவனைத் தட்டி எழுப்பினாள்.

"தெரிஞ்செடுத்த ஆளே, எழும்புங்க. ஆராதனைக்கு நேரமாச்சு."