"இல்லையாம் அப்பா" என்று நான் சொன்ன பொய்

மழையில் நனைந்த கோல்கீப்பர் கையுறை ஒரு புளிச்ச மணம் மணக்கும்... கனடாவில் எங்கள் ஸ்காபரோ அப்பார்ட்மென்ற் ஹீற்றருக்கு மேல் என்னுடையது எப்போதும் காய்ந்துகொண்டிருக்கும். அன்று அம்மா அதைத் தூக்கி பல்கனியில் போட்டுவிட்டா. வீட்டுக்கு ஒரு கோச் வருகிறார்.

அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பெண்கள் புட்போல் அணியின் கோல்கீப்பர். வந்தவர் ஒரு ராணுவக் கல்லூரியின் கோச். அவருடைய அணியில் விளையாடலாம், படிப்பு இலவசம்... முடிந்ததும் ஐந்து வருடம் ராணுவத்தில் வேலை.

ராணுவம் என்றால் அப்பாவுக்கு வேறு ஞாபகம். யாழ்ப்பாணத்தில் அவருடைய தம்பியை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனது. சித்தப்பா திரும்பி வரவேயில்லை.

கோச் ரோல்ஸ் சாப்பிட்டார், தேத்தண்ணி குடித்தார், என் விளையாட்டைப் புகழ்ந்தார். அவர் சொன்னதையெல்லாம் அப்பாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இவளைச் சண்டைக்கு அனுப்புவினமோ எண்டு கேள்."

கேட்டேன். கோச் கோப்பையைக் கீழே வைத்தார். அனுப்பக்கூடும், மாட்டோம் என்று வாக்குத் தர தன்னால் முடியாது என்றார்.

நான் அப்பாவைப் பார்த்து, "இல்லையாம் அப்பா" என்றேன்.

அப்பா தலையாட்டினார். கோச்சை லிஃப்ற் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் வாய் திறந்தார்.

"பத்து வருசமா இங்க டாக்ஸி ஓடுறன் பிள்ளை. அந்தளவு இங்கிலீஷ் எனக்கு விளங்கும். அந்த மனுசன் பொய் சொல்லேல்லை. நீதான் சொன்னனீ."

"விடமாட்டியள் எண்டு பயந்திட்டன் அப்பா..."

அப்பா ஒரு கிழமை முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு பின்னேரம், கோச் தந்துவிட்டுப் போன ஃபோர்மைத் தானே எடுத்துக் கையெழுத்து வைத்தார்.

"அந்தாள் உண்மை சொன்னபடியால் விடுறன்."

கல்லூரியில் இருந்த நான்கு வருடமும் எங்கள் மைதானத்தில் நடந்த ஒவ்வொரு மேட்சுக்கும் மூன்று மணித்தியாலம் கார் ஓடி வந்து, என் கோலுக்குப் பின்னால் நிற்பார். சீருடையில் யாராவது கடந்தால் மட்டும் நிலத்தைப் பார்ப்பார். பட்டமளிப்பு அன்று என் சீருடையில் ஒரு பொத்தான் கழன்றிருந்தது. அவர்தான் பூட்டிவிட்டார்.

சண்டைக்கு என்னை அனுப்பவில்லை. ஐந்து வருடமும் சாமான் அனுப்பும் பிரிவில் கழிந்தது.

போன மாதம், பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் என் அண்ணாவின் மகளையும் ஒரு கல்லூரி அணிக்கு எடுத்தார்கள். கோச்சுக்கு வீடியோ கிளிப் அனுப்பினாள், அவரோடு திரையில் கால் மணித்தியாலம் கதைத்தாள், முடிந்தது. வேலையிலிருந்த அண்ணாவுக்கு டெக்ஸ்டில்தான் செய்தி போனது.

வசதிதான்... ஆனாலும் ஒருவர் வீடு தேடி வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்து, தகப்பனுக்கு முன்னால் இருந்து பதில் சொல்லிப் போன காலம் எனக்குப் பிடித்திருந்தது.