ஒரு கீர்த்தனை, இரண்டு மெட்டு

ஆராதனை முடிந்து கூடியபோது போதகர் இருந்தார், யாழ்ப்பாணத்துப் பொருளாளர் இருந்தார், ஹேவாஹெட்ட தேயிலைத் தோட்டத்துச் சனத்தின் சார்பில் ஓர் அக்கா இருந்தார், கீபோர்ட் வாசிக்கும் நானும் இருந்தேன். யாரைப் பற்றிப் பேசக் கூடினோமோ, அந்தச் சங்கீத டீச்சர் மட்டும் இல்லை. பேராதனைக்கு பஸ் ஏறிவிட்டார்.

பாட்டு நடத்த அவரை வைப்பதா வேண்டாமா என்பதுதான் பேச்சு.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். அதனாலோ என்னவோ, சான்றிதழ் என்றால் எனக்குப் பெரிய மரியாதை. டீச்சரிடம் சங்கீதப் பட்டமே இருந்தது. வேறென்ன தகுதி வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்று காலை நடந்தது அந்த நினைப்பைக் குழப்பிவிட்டது.

டீச்சருக்கு அது முதல் ஞாயிறு. கீர்த்தனையின் முதலடியை எடுத்துக் கொடுத்தார். முன்வரிசை யாழ்ப்பாணத்தார் கூடப் பாடினார்கள். பின்வரிசைத் தோட்டத்துச் சனமோ அதே வார்த்தைகளை வேறு மெட்டில் பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் என் விரல்கள் நின்றுவிட்டன. டீச்சர் கையைக் காட்டி முன்வரிசையை நிறுத்தினார்.

"உங்கட மெட்டு எனக்குத் தெரியாது. ஒருக்காப் பாடுங்கோ, கேப்பம்."

பாடினார்கள். இரண்டாம் சரணத்தில் அவரும் சேர்ந்தார். ஓரிடத்தில் பிசகி, சிரித்து, மறுபடி பிடித்தார்.

"சபைக்கு முன்னால நிண்டு தெரியாதெண்டு சொல்லலாமோ?" என்று கூட்டத்தில் தொடங்கினார் பொருளாளர். "பாட்டு நடத்த வந்தவ பாட்டுப் படிச்சுக்கொண்டு நிக்கிறா!"

"ஐயாவுக்கும்தான் எங்க மெட்டு தெரியாது. டீச்சர் பாடச் சொல்லிக் கேட்டாங்க. நீங்க எங்கள முந்திப் பாடி முடிச்சிட்டு, இன்னும் முடியலயான்னு திரும்பிப் பார்ப்பீங்க," என்றார் அக்கா.

போதகர் சிரிப்பை இருமலாக்கினார்.

"தம்பி, நீர் படிச்சனீர். சொல்லும்," என்று என் பக்கம் திரும்பினார்.

"பின்வரிசை இவ்வளவு சத்தமாப் பாடி நான் கேட்டதே இல்லைங்க ஐயா," என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பாட்டைத் தெரிந்திருப்பது தகுதியா, பாடுகிறவர்களைக் கேட்பது தகுதியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"அப்ப ரெண்டு மெட்டும் பாடினா ஆராதனை நீளுமே?" என்றார் பொருளாளர்.

"நீளட்டும். டீச்சரே நடத்தட்டும்," என்றார் போதகர்.

வெளியே ஹோர்ன் அடித்தது. தோட்டத்துச் சனம் வாடகைக்குப் பிடித்து வந்த வேன். நேரம் தாண்டினால் காத்திருப்புக் காசு தனி.

"ஆர் குடுக்கிறது?" பொருளாளர் நிமிர்ந்தார்.

"சபை," என்றார் போதகர்.

அக்கா வெளியே போய் டிரைவரோடு வாதாடிவிட்டுத் திரும்பினார். இனி ஒவ்வொரு ஞாயிறும் காத்திருக்க ஆயிரம் கேட்டானாம். எழுநூற்றைம்பது ரூபாவுக்கு இறங்கினானாம்.