கொதிக்க வைத்த புழுச்சாறு

1. வெள்ளிக்கிழமை

கொதிக்க வைத்த பிறகும் அந்தப் புழுச்சாறு வேலை செய்தது. அப்படி நடக்கக் கூடாது. சோதனைக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே ஈப்போ மலைகளை மழை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. குழாய்க்குள் நீலம் ஏறவே இல்லை.

எண்பதுகளின் நடுவில், ஆட்டு நோய்களை ஆராயும் ஒரு சிறிய கூடத்தில் நான் தற்காலிக லேப் டெக்னீஷியன். ஆட்டு வயிற்றில் ரத்தம் குடித்து வாழும் உருளைப்புழுக்கள்தான் என் வேலை. வெதுவெதுப்பான உப்பு நீரில் விட்டால் அவை சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலிழைகள் போல அசையும். பார்த்துக்கொண்டே இருந்தால் பொழுது போவது தெரியாது.

2. நாங்கள் தேடியது

புழுவைக் கொல்ல ஆட்டின் உடல் வீரியமான ஒருவகை ஆக்சிஜனை அதன்மேல் ஏவுகிறது. புழு தன் நொதியால் அதை அடக்கிவிடுகிறது. அந்த நொதியை எஸ்.ஓ.டி. என்போம். அளக்கும் முறை இதுதான்: ஒரு சாயக் கரைசலை விளக்கடியில் வைத்தால் நீலமாகும். அரைத்த புழுச்சாற்றைச் சேர்த்தால் நீலம் குறையும். எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நொதி. சாற்றைக் கொதிக்க வைத்தால் நொதி செத்துவிடும்; நீலம் பழையபடி ஏற வேண்டும்.

ஜெலாப்பாங் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டத்து ஆடுகளின் புழுவில், எங்கள் கூடத்து ஆட்டுப் புழுவைவிட நொதி மிக அதிகமாகக் காட்டியது. எங்கள் தலைவர் டாக்டர் சிதம்பரத்துக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"மருந்து குடிச்சுக் குடிச்சுப் பழகிப்போன புழு லா இது. நொதிய உண்டாக்குற ஜீனே பெருகியிருக்கணும். திங்கக்கிழமை கோலாலம்பூர்ல பணம் தர்றவங்ககிட்ட சொல்றேன். அவங்க தலையாட்டிட்டா புராஜெக்ட் நீளும், உன் வேலையும் பர்மனன்ட்டு. யாராவது கேட்டா காட்ட, கொதிக்க வச்சதும் ஒண்ணு செஞ்சு வச்சிரு."

செய்தேன். குழாயை அவரிடம் கொண்டுபோனேன்.

"டாக்டர், கொதிச்ச சாறும் வேலை செய்யுது."

"தண்ணி சரியா கொதிச்சிருக்காது. முட்டை அவிக்கத் தெரியாத புள்ளையா நீ?"

"முட்டையா இருந்தா அவிஞ்சிருக்கும் டாக்டர். இதுதான் அவிய மாட்டேங்குது."

அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார்.

3. சந்தேகப் பட்டியல்

குழாய், உப்பு நீர், விளக்கு, சாயம். ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துப் பட்டியலிலிருந்து அடித்தேன். கடைசியில் மீந்தது ஒன்று: புழு எங்களிடம் வந்து சேரும் வழி.

தோட்டத்தில் புழு எடுத்துத் தருபவர் லெட்சுமி அக்கா. வார நாளில் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை அவர் கணவர் ஆடு வெட்டுவார். அக்கா வயிற்றையும் குடலையும் சுத்தம் செய்வார். அந்த ஞாயிறு காலை நான் போனபோது ரப்பர் மரங்களுக்கு நடுவே பனி இன்னும் கலையவில்லை. இலைகளிலிருந்து சொட்டும் நீரின் சத்தம் மட்டும்.

"அக்கா, புழுவ எடுத்ததும் நேரா என் போத்தல்ல போட்டுருவீங்களா?"

"அது எப்படிம்மா? மஞ்சத் தண்ணில நல்லா ஒரு அலசு அலசித்தான் போடுவேன். கல்யாணமாகாத புள்ள கையால தொடுற. கிருமி ஏறிட்டா உங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

புழுவின் மேல் ஒட்டிய மஞ்சள் உப்பு நீரில் கழுவினாலும் போகாது. நொதி செய்கிற அதே வேலையை மஞ்சளும் செய்யும். கொதித்தாலும் செய்யும். ரத்தம் குடித்த புழுவின் சாறு பழுப்பாக இருப்பதால் மஞ்சளின் நிறம் எங்கள் கண்ணில் படவில்லை.

"இனிமே மஞ்சள் வேணாங்க்கா. கணக்கு மாறிப்போகுது. நான் கையுறை போட்டுத்தான் தொடுறேன்."

"அட, அத மொதல்லயே சொல்லக் கூடாதா? என் மஞ்சளெல்லாம் உன் புழு தின்னு தீத்துருச்சு லா!"

சிரித்தபடியே அலசாத புழுக்களைப் போத்தலில் போட்டுத் தந்தார்.

4. நீலத்தில் ஒரு கோடு

அன்று மதியம் டாக்டரும் கூடத்துக்கு வந்தார். மஞ்சள் விஷயத்தைச் சொன்னேன். மஞ்சளில் அலசாத தோட்டத்துப் புழுச்சாறு ஒரு வரிசை, எங்கள் கூடத்துப் புழுச்சாறு ஒரு வரிசை என்று, சாற்றில் உள்ளவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கும் ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட விட்டேன். சாயத்தில் நனைத்து விளக்கடியில் வைத்தோம். ஜெல் முழுவதும் நீலம் பரவியது. நொதி இருக்கும் இடத்தில் மட்டும் நீலம் தொடவில்லை. இரண்டு வரிசையிலும், நீருக்கடியில் தெரிகிற வெளிச்சம் போல, மெல்லிய கோடு. இரண்டும் ஒரே அகலம்.

"ரெண்டும் ஒண்ணுதான் லா," என்றார் டாக்டர்.

"ஆமா டாக்டர்."

"மஞ்சள் போட்ட கணக்க மட்டும் காட்டினா புராஜெக்ட் கெடைக்கும்."

அவர் ஜெல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத நல்லா போட்டோ புடி. நாளைக்கு இதத்தான் கொண்டு போறேன்."

கோலாலம்பூரில் யாரும் தலையாட்டவில்லை. புராஜெக்ட் அத்துடன் முடிந்தது. சில மாதங்களில் நான் தைப்பிங்கில் ஒரு குடிநீர்ச் சோதனைக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பிடிக்காத முடிவு வந்தால் எல்லோரும் திரும்பச் சோதிப்பார்கள். பிடித்த முடிவு வந்த அன்றும் சோதியுங்கள். உங்கள் வேலையே அதை நம்பி இருந்தால், இன்னொரு முறை சோதியுங்கள்.