ஐஸ் வாளியில் மாமனாரின் கை

வெள்ளை பிளாஸ்டிக் வாளி. பாதி தண்ணீர், பாதி ஐஸ். காசிமேட்டில் மீன்காரர்கள் வைத்திருப்பது போலத்தான். இதில் மீனுக்குப் பதில் என் கை. நொச்சி இலையில் செய்த மாத்திரை வலியை எவ்வளவு குறைக்கிறது என்று ஒரு மருத்துவக் கல்லூரியில் சோதித்தார்கள். மாத்திரைக்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை ஐஸில் கை வைக்க வேண்டும். பொறுக்க முடியாதபோது எடுத்துவிடலாம். சோதனையில் தேறியவர்களுக்கு மாத்திரை தொடர்ந்து இலவசம்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியே தோள் தேய்ந்த என் மாமனாருக்கு அது வேண்டியிருந்தது. சட்டைக்குள் கை நுழைக்கவே மாமியார் வரவேண்டும். வீட்டில் காய்ச்சிய நொச்சிக் கஷாயத்துக்கு வலி கேட்கவில்லை. மாத்திரையில் சத்து அதிகம் என்றார்கள். துணைக்குப் போன என்னையும், கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே கழுத்து பிடித்துக்கொண்ட குற்றத்துக்காக, சேர்த்துக்கொண்டார்கள்.

வைத்த வேகத்திலேயே "அம்மா" என்று கையை எடுத்தேன். பெண் கொடுத்தவர் பக்கத்தில் இருக்கிறாரே என்ற நினைப்பெல்லாம் ஐஸோடு கரைந்துவிட்டது. அவர் முறை வந்தது. கையை விட்டார், எதிர்ச் சுவரைப் பார்த்தார். டாக்டரம்மா கேட்கக் கேட்க, "ஒண்ணியும் இல்லம்மா, நல்லா கீது" என்றார். கடைசியில் டாக்டரம்மாவே பயந்துபோய்க் கையை வெளியே தூக்கிவிட்டார். மாத்திரை போட்ட பிறகும் அதே கதை. "முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசமே இல்லைங்க ஐயா. உங்களுக்கு வலி தெரியலை, சேர்த்துக்க முடியாது" என்றார். மாத்திரைக்குப் பின் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கிய நான் தேறிவிட்டேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு சுலபமாகத் தேறியதில்லை.

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "எடுத்திருக்கலாமே மாமா?"

"எடுத்தா பேர அடிச்சிடுவாங்கன்னு நெனச்சேன் மாப்ள. எங்க கேங்ல எவன் வலிக்குதுன்றானோ, அவனுக்கு மறுநாள் வேல கெடையாது."

என் மாத்திரையை நீட்டினேன். "உன் பேரையும் அடிச்சிடப் போறாங்க, வச்சிக்கோ" என்று தள்ளிவிட்டார். நொச்சி வலியைக் குறைக்கிறது என்று பிறகு முடிவு எழுதினார்களாம். கத்தத் தெரிந்த என்னைப் போன்றவர்களை வைத்து எழுதியது.

போன மாதம் ஒரு காலையில் அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. "கேஸ் டிரபுளு, சரியாப் பூடும்" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, மதியம்வரை சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் திருவொற்றியூர் வீட்டில் ஐஸ் பெட்டி வந்து இறங்கியது. கண்ணாடிக்குக் கீழே அதே கை, அதே முகம். ஒரு சுளிப்பு இல்லை. வெளியே தூக்கிவிட டாக்டரம்மாவும் இல்லை.